முதலில் தரையைக் கேளுங்கள்

போன பெருநாள் லீவுக்கு நாங்கள் நாலு பேர் புல்மோட்டைக்குப் போனோம். நாலு பேரும் கலைப்பீடம், ஒரே பேட்ச். எங்களில் ஒருத்தனின் வீடு அங்கே. திருகோணமலையில் பஸ் ஏறி நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஐம்பது சொச்சம் கிலோமீற்றர். மடியில் ஒரு ரெக்கோட் பிளேயர் இருந்தது. சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற, வான நீலப் பெட்டி. ஆளாளுக்குக் காசு போட்டு வாங்கினது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு ஐயா, "என்ன தம்பி, தையல் மெசினா?" என்று கேட்டார்.

அதைத் தூக்கிக்கொண்டு போனதற்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. நண்பனின் மூத்தவாப்பா மணல் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்த காலத்தில், சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த இசைத்தட்டுகள் அதற்குள் இருக்கின்றன. முப்பத்தொரு தட்டு. நாகூர் ஹனிபாவின் பாட்டுகள், 60கள் 70களின் சினிமாப் பாட்டுகள், இரண்டு மூன்று இலங்கைப் பொப் தட்டுகள், அடியில் ஐந்து கனத்த பழைய 78 தட்டுகள். அவர் மௌத்தாகிப் பல வருசம். வீட்டில் இருந்த பழைய பிளேயர் 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போனது. பெட்டி மட்டும் அன்றைக்குத் தற்செயலாக ஊருக்குள்ளே சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் தப்பியது. அதற்குப் பிறகு அந்தத் தட்டுகளை ஒருவரும் கேட்டதில்லை. எடுத்துத் துடைத்து, பார்த்து, திரும்ப வைப்பதோடு சரி.

ஹோலில் இருந்த கண்ணாடி ஷோகேஸுக்கு மேலே பிளேயரை வைத்தோம். படம் எடுக்க வடிவாக இருந்தது. மூத்தும்மா பெட்டிக்குள் கையை விட்டு, தேடாமலே ஒரு தட்டை எடுத்துத் தந்தார். மூத்தவாப்பா வெள்ளிக்கிழமைகளில் போடுகிற ஹனிபா தட்டு. ஊசியை வைத்தோம். பாட்டு வந்தது. கூடவே "தும்... தும்..." என்று ஏதோ ஒன்றும் வந்தது. பழைய தட்டு, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே தீர்ப்புச் சொன்னோம். யாராவது நடக்கும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் வருகிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் வீட்டுச் சின்னவன் ஓடிவந்து ஷோகேஸைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். ஊசி குதித்து, தட்டுக்குக் குறுக்கே சறுக்கிக்கொண்டு போனது. "கிர்ர்ர்" என்ற அந்தச் சத்தம் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு கீறல். மூத்தும்மா ஒன்றும் ஏசவில்லை. "பரவால்ல புள்ள, பாட்டு எனக்குத் தெரியும்தானே" என்றார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இதைப் படிக்கத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்தக் கீறலுக்கு நாங்கள் கட்டுகிற தண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கருத்து சுருக்கமானது: எங்கள் ஊர்களில் மிஞ்சியிருக்கும் தட்டுகளைக் கேட்க விரும்புகிறவர்கள், பிளேயருக்குச் செலவழிக்க முதல் அது நிற்கப் போகிற இடத்தைச் சரிபண்ண வேண்டும். பிளேயரைத் தெரிவு செய்வதும் விளம்பரத்தைப் பார்த்து அல்ல, கையில் இருக்கிற தட்டைப் பார்த்துத்தான். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் தட்டுத்தான் சாகும்.

ஏன் தரைக்கு இவ்வளவு மரியாதை?

இசைத்தட்டின் பள்ளம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அகலம். அந்தப் பள்ளத்தின் நெளிவில்தான் பாட்டு இருக்கிறது. மெல்லிய ஒலிகளின் நெளிவு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் சிறியது. ஊசிக்கு மூளை இல்லை. தான் அசைவதைத்தான் அது மின்சாரமாக்கும். பள்ளம் அசைத்ததா, மேசை அசைத்ததா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் நடக்கிற சத்தமும் அதற்குப் பாட்டுத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டு வெட்டும்போது பேஸ் ஒலிகளைக் குறைத்து வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அகன்று இடம் போதாது. கேட்கும்போது அம்பிளிபயர் அதைத் திரும்பக் கூட்டிக் கொடுக்கும். 1950களின் நடுவிலிருந்து உலகம் முழுக்க ஒரே அளவில் பின்பற்றப்படும் முறை இது. அந்த அளவின்படி 20 ஹேர்ட்ஸில் வருகிற ஒலி, நடுத்தர ஒலியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 9 மடங்கு பெருக்கப்படுகிறது. காலடி, லொறி, தண்ணி மோட்டார் எல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் வருகின்றன. அதாவது, தரையில் இருந்து வருகிற குப்பையை அம்பிளிபயர் தேடிப் பிடித்துப் பெருக்குகிறது.

மூன்றாவது, ஊசியைத் தாங்குகிற கைக்கும் ஊசியின் நெகிழ்வுக்கும் சேர்த்து ஓர் இயல்பான ஆட்டம் இருக்கிறது. நல்ல பிளேயர்களில் அது 8 முதல் 12 ஹேர்ட்ஸுக்குள் விழும்படி பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் கிட்டிய ஆட்டம் வெளியில் இருந்து வந்தால் கை ஊஞ்சல் ஆடும். சரியான நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் எப்படி மேலே மேலே போகுமோ, அப்படி. ஷோகேஸ் எங்களுக்குச் செய்து தந்த வேலை அதுதான்.

இப்ப ஒரு முக்கியமான விசயம். இணையத்தில் தேடினால் "தரை அதிர்வு" பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அதில் பெரும்பகுதி மரப்பலகைத் தரை வீடுகளில் இருக்கிறவர்கள் எழுதினது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வீடுகளில் தீராந்திக்கு மேலே பலகை அடித்த தரை. நடந்தால் தரையே ஆடும். அவர்களுக்குச் சொன்ன மருந்தை நாங்கள் குடித்தால் எங்கள் வருத்தம் மாறாது. புல்மோட்டையில் கீழ்வீடு என்றால் மண்ணுக்கு மேலே நேரே போட்ட சீமெந்துத் தரை. ரெக்கோட் பிளேயர் வைக்க உலகத்தில் கிடைக்கக்கூடிய நல்ல தரைகளில் அதுவும் ஒன்று. சின்னவன் குதித்தாலும் அது அசையாது. எங்கள் விசயத்தில் தரை சுத்தவாளி. குற்றவாளி மெல்லிய காலில் நின்ற ஷோகேஸ். அதற்கு அடுத்த குற்றவாளி பிளேயருக்குள்ளேயே இருந்த ஸ்பீக்கர். ஊசி இருக்கிற அதே பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்தால், ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குப் போய், ஊசி திரும்ப ஸ்பீக்கருக்குக் கொடுத்து, இப்படியே சுற்றும்.

மாடியில் போடிங் எடுத்திருக்கிறவர்களின் கதை வேறு. மேல்மாடி கொங்கிறீட் தட்டு தூணுக்குத் தூண் பாலம் மாதிரி நிற்கிறது. நடுவில் ஆட்டம் கூட, சுவரோரத்தில் குறைவு. அங்கே பிளேயரை அறையின் நடுவில் வைக்காமல் தூண் அல்லது பாரம் தாங்கும் சுவர் இருக்கிற மூலைக்குக் கொண்டுபோனாலே பாதி பிரச்சினை தீரும். காசு செலவில்லை.

உங்கள் இடத்தில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. கெட்டுப்போன, தேவையில்லாத ஒரு தட்டைப் போடுங்கள். தட்டைச் சுற்ற விடாமல் ஊசியை மட்டும் அதன் மேல் வையுங்கள். சத்தத்தைப் பூச்சியத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பாட்டு இல்லாததால் இனி வருவதெல்லாம் உங்கள் வீட்டின் சத்தம். மேசையை விரலால் தட்டிப் பாருங்கள். ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது கேளுங்கள், தண்ணி மோட்டாரைப் போட்டுக் கேளுங்கள், ரோட்டில் லொறி போகும்வரை காத்திருங்கள். நடக்கும்போது தும் தும் என்றால் தரை அல்லது மேசை. சத்தம் கூட்டும்போது தானாகவே ஊளை கிளம்பினால் அது ஸ்பீக்கர். உடனே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பழுதாகும். பத்து நிமிட வேலை. நாங்கள் இதைச் செய்யாமல்தான் ஊசியை வைத்தோம்.

குற்றவாளி தெரிந்தால் தண்டனை தெரியும். இங்கேயும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அதிர்வைத் தடுப்பது என்று எல்லோரும் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, அதிர்வை விழுங்கி ஆற வைப்பது. மற்றது, அதிர்வு மேலே வராமல் பிரித்து வைப்பது. ரப்பர் சீற், ஸ்பொஞ்ச் முதலாவதைத்தான் செய்கின்றன. பிரித்து வைக்க வேண்டுமானால் மேலே இருக்கிற பாரம் ஒரு மெத்தையில் அமிழ்ந்து மிதக்க வேண்டும். எவ்வளவு அமிழ்கிறது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. பாரத்தால் ஸ்பிரிங் 1 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் அந்த அமைப்பின் சொந்த ஆட்டம் செக்கனுக்கு 5 தடவை. அதைப்போல 1.4 மடங்கு, அதாவது 7 ஹேர்ட்ஸுக்கு மேலே வருகிற அதிர்வுகளைத்தான் அது குறைக்கும். 1 மில்லிமீற்றர் மட்டும் அமிழ்கிற ரப்பர் துண்டின் சொந்த ஆட்டம் கிட்டத்தட்ட 16 ஹேர்ட்ஸ். 22 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. காலடியின் அடி விழுவதோ செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை. ஆகவே "அதிர்வு தடுக்கும் பாதம்" என்று நாலு சின்ன ரப்பர் வில்லைகளை நல்ல விலைக்கு விற்கிறவர்களிடம், பாரம் வைத்தால் இது எவ்வளவு அமிழும் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

ஸ்பிரிங்கில் மிதக்கிற பிளேயர்கள் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் 1961இல் ஏ.ஆர். கம்பனிக்காக வடிவமைத்த பிளேயரில் தட்டும் கையும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டு மூன்று ஸ்பிரிங்கில் மிதந்தன. சுவிற்சர்லாந்துத் தோரன்ஸ் கம்பனியின் டி.டி. 150, ஸ்கொட்லாந்து லின் கம்பனியின் எல்.பி. 12 எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பக்கத்தில் வருகிற அதிர்வுக்கு அவை கெட்டி. ஆனால் ஆடுகிற பலகைத் தரையில் காலடியின் ஆட்டம் ஸ்பிரிங்கின் சொந்த ஆட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டால் அவையே குதிக்கும். அதனால்தான் அங்கே பலர் சுவரில் தட்டு அடித்து அதில் வைக்கிறார்கள். எங்கள் சீமெந்துத் தரையில் அந்தப் பயம் குறைவு.

மாடியில் இருக்கிற, காசில்லாத மாணவர்களுக்கு எங்கள் சிபாரிசு: ஒரு கொங்கிறீட் நடைபாதைக் கல். 40 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 4 தடிப்பு என்றால் கிட்டத்தட்ட 15 கிலோ வரும். பிளேயர் இதைவிடப் பெரிதென்றால் கல்லையும் பெரிதாக எடுங்கள். கல்லுக்குக் கீழே சின்னப்பிள்ளைச் சைக்கிள் ரியூப் ஒன்று, மெதுவாகக் காற்று அடித்தது. கல் ரியூபில் மிதக்க வேண்டும், மேசையில் முட்டக் கூடாது. ரியூப் கல்லென இறுகியிருந்தால் காற்று கூடிப்போச்சு என்று அர்த்தம். கல்லுக்கு மேலே பிளேயர். நீர்மட்டம் பார்த்துச் சமப்படுத்துங்கள். காற்று இறங்கும், வாரத்துக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும். வடிவில்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் வேலை செய்கிறது.

மணல் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பிளேயருக்குக் கீழே மணல்பெட்டி வைப்பது பழைய முறை. பெட்டிக்குள் மணல், மணலுக்கு மேலே மிதக்கிற பலகை, பலகையில் பிளேயர். மணியும் மணியும் உரசுவதில் அதிர்வு தீர்ந்துபோகும். நாங்கள் இதைச் சொன்னவுடன் நண்பனின் மாமா சிரித்தார். "புல்மோட்டையில மணலுக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். எங்கள் கடற்கரையின் கறுப்பு மணலுக்காகத்தான் 1957இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது. அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் கலந்திருக்கின்றன. சாதாரண மணலின் அடர்த்தி 2.65 என்றால் இல்மனைட்டின் அடர்த்தி 4.7 அளவு. ஒரு வாளி தூக்கினால் தெரியும். பாரத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்று முதலில் எங்களுக்கும் தோன்றியது. ஆனாலும் வேண்டாம் என்கிறோம். ஒன்று, அது அரச கனியம், அள்ளிக்கொண்டு வருகிற பொருள் இல்லை. இரண்டு, இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். தொழிற்சாலையில் அதை மற்ற மணலிலிருந்து பிரிப்பதே காந்தத்தை வைத்துத்தான். உங்கள் பிளேயரின் ஊசித் தலைக்குள்ளும் ஒரு குட்டிக் காந்தம் இருக்கிறது. தூள் பறந்தால் எங்கே போய் ஒட்டும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று, சிர்கோன் கண்ணாடியையே கீறும். பிளாஸ்டிக் தட்டு எம்மாத்திரம்? வெள்ளைக் கடல் மணலும் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுக்கும். வீடு கட்டுகிற ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, தடித்த பொலித்தீன் பையில் கட்டி, பையோடு பெட்டிக்குள் வையுங்கள். அதுவும் அதிர்வை விழுங்குகிற ஆள்தான், பிரித்து வைக்கிற ஆள் இல்லை. ஆடுகிற மேசையை மணல் திருத்தாது.

இனிப் பிளேயருக்கு வருவோம்.

முதலில் பெட்டியைத் திறந்து தட்டுகளைப் பாருங்கள். மேற்கு நாடுகளில் 1950களின் கடைசியிலேயே 78 தட்டு ஒதுங்கிப் போனது. இந்தியாவில் 60களிலும் 78 வெளிவந்துகொண்டிருந்தது. ஆகவே எங்கள் பழைய பெட்டிகளில் 78 இருக்க வாய்ப்பு அதிகம். இன்று கடையில் கிடைக்கிற பல பிளேயர்களில் 33, 45 என்ற இரண்டு வேகங்கள்தான். 78 இருந்தாலும் ஊசி வேறு வேண்டும். 78இன் பள்ளம் அகலம், அதற்கு 75 மைக்ரோன் அளவு நுனி வேண்டும். ஸ்டீரியோ தட்டுக்குரிய 18 மைக்ரோன் நுனியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கிற அழுக்கில் உருண்டுகொண்டு போகும். ஊசித் தலை மாற்றக்கூடியதா என்று கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இரண்டாவது, ஊசியின் பாரம். கைக்குப் பின்னால் திருகி நகர்த்தக்கூடிய எதிர்ப்பாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல காந்த ஊசிகள் 2 கிராம் அளவில் ஓடும். எங்கள் சூட்கேஸ் வகையில் பலது 4, 5 கிராமில் அழுத்தும், கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதே தட்டை ஒவ்வொரு தடவையும் அந்தப் பாரத்தில் உழுதால் என்ன மிஞ்சும்? படம் எடுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள், எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் திரும்பக் கிடைக்காத தட்டை அதில் போடாதீர்கள்.

மூன்றாவது, மின்சாரம். வெளிநாட்டில் இருக்கிற மாமாமார் பழைய பிளேயர் அனுப்பி வைக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தால் அடியில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படியுங்கள். அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. வோல்ற்றைக் குறைக்கிற பெட்டி போட்டாலும் ஹேர்ட்ஸ் மாறாது. பழைய ஏ.சி. மோட்டார் பிளேயர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33 என்பது 28க்கு இறங்கிவிடும். ஹனிபாவின் குரல் இன்னும் கனத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி வரும்.

நாலாவது, பட்டியில் ஓடுவதா, நேரே மோட்டாரில் ஓடுவதா? இரண்டிலும் நல்லது இருக்கிறது. எங்கள் வெப்பத்தில் பட்டி நாளடைவில் தளரும், மாற்றுப் பட்டி கிடைக்குமா என்று முதலே பாருங்கள். நேரே மோட்டாரில் ஓடுகிற வகையில் எல்லோருக்கும் தெரிந்தது 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200. டி.ஜே.க்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம், இரைச்சலும் கூட்டமும் இருக்கிற மண்டபத்திலும் அதன் பாரமான உடம்பு அதிர்வைத் தாங்கியது. பழையதாகக் கிடைத்தால் நல்லது. அதுவரைக்கும் காசு இல்லையென்றால் பரவாயில்லை. பாரம் சரிசெய்யலாம், ஊசி மாற்றலாம், ஸ்பீக்கர் வெளியே என்ற மூன்றும் இருக்கிற சாதாரண பிளேயர் போதும். மிச்சத்தை மேசை பார்த்துக்கொள்ளும்.

ஒரு சின்ன உபாயமும் சொல்கிறோம். எங்கள் பழைய தட்டுகளில் அநேகம் மொனோ. மொனோ பள்ளம் இடம் வலமாகத்தான் நெளியும், மேலும் கீழும் ஆடாது. அதனால் அம்பிளிபயரில் மொனோ பொத்தானை அழுத்தினால், மேலும் கீழும் வருகிற அதிர்வு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பெரும்பகுதி மறைந்துவிடும். பொத்தான் இல்லாவிட்டால் கம்பியூட்டரில் பதிந்த பிறகு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கலாம். பாட்டு அப்படியே இருக்கும், தும் தும் குறையும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சிலர் கேட்பீர்கள்: எல்லாம் யூடியூபில் இருக்கே, ஏன் இந்தக் கஷ்டம்? நியாயமான கேள்வி. எங்கள் பேட்ச்சிலேயே கேட்டார்கள். இசைத்தட்டின் ஒலிதான் உயர்ந்தது என்று நாங்கள் வாதாட மாட்டோம். சிடி பல விதத்தில் சுத்தமானது. ஆனால் பழைய பாட்டென்று இணையத்தில் கேட்பதில் கணிசமானவை தேய்ந்த கெசட்டில் இருந்து ஏற்றியவை. சிலது வேகம் மாறி, சிலது முதல் அடி வெட்டுப்பட்டு. உள்ளூரில் கொஞ்சமாக வெளியான தட்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவற்றை யாராவது ஒருத்தர் தட்டிலிருந்து ஒழுங்காகப் பதிந்து வைத்தால்தான் உண்டு. அந்த ஒருத்தர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

இந்தத் தட்டுகள் எங்கள் வீடுகளுக்கு வந்ததும் சும்மா வந்ததில்லை. 1950களில் கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. மயில்வாகனத்தின் குரலுக்காகக் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் ஆட்கள் காத்திருந்தார்கள். வானொலியில் கேட்டதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் தட்டு வாங்கினார்கள். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்ட காலம், வெளியிலிருந்து வருகிற எதுவும் கைக்கு வருவது கஷ்டம். அப்படிச் சேர்ந்ததில் யுத்தம், இடம்பெயர்வு, கடல் எல்லாம் போக மிஞ்சினதுதான் அந்தத் தகரப் பெட்டி. புத்தகத்துக்கு மறுபதிப்பு உண்டு. இதற்கு இல்லை.

அதனால்தான் அதிர்வு பற்றி இவ்வளவு பேசுகிறோம். தட்டு ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது. ஒரு தடவை நன்றாக ஓடவிட்டு, பதிந்து, பிறகு அதை ஓய்வாக விடலாம். ஆனால் பதிகிற நேரத்தில் லொறி போனால் லொறியும் பாட்டோடு பதிவாகும். கீழ் ஒலிகளை வெட்டுகிற ஃபில்ட்டர் கொஞ்சம் கைகொடுக்கும், ஊசி குதித்ததை எந்த ஃபில்ட்டரும் ஒட்டாது.

இரண்டாந்தரம் புல்மோட்டைக்குப் போனது கடைசி செமஸ்டர் லீவில். சூட்கேஸ் போகவில்லை. தெரிந்த ஒரு அண்ணனிடம் இரவல் வாங்கின பிளேயர், பாரம் சரிசெய்யலாம். ஹோலின் சுவரோடு சேர்த்துக் கட்டின ஒரு கொங்கிறீட் தட்டு இருந்தது. குர்ஆனும் மருந்துப் போத்தல்களும் வைக்கிற தட்டுக்குக் கீழ்த்தட்டு. முதல் தடவை வந்தபோது அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறோம், படத்துக்கு வடிவில்லை என்று. அதில் வைத்தோம். ஸ்பீக்கரை மற்றப் பக்கத்தில், தரையில். ஓடாத தட்டில் ஊசியை வைத்துச் சோதனை. நடந்து பார்த்தோம், ஒன்றுமில்லை. சின்னவனைக் கூப்பிட்டுக் குதிக்கச் சொன்னோம். அவன் நம்பவில்லை, இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் குதித்தான். ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் மெல்லிதாக உறுமியது, பதிகிற நேரத்துக்கு அதை நிறுத்தினோம்.

இருபத்தாறு தட்டையும் இரண்டு நாளில் பதிந்தோம். 78 ஐந்தும் ஊசி கிடைக்கும்வரை பெட்டியில் இருக்கின்றன. கீறின தட்டைக் கடைசியாகப் போட்டோம். தும் தும் இல்லை. கீறல் இருக்கிறது. 45 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.3 செக்கன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டிக்". மூத்தும்மா கதிரையை இழுத்துப் போட்டு முழுவதும் கேட்டார். முடிந்த பிறகு, "அந்த டிக் முந்தி இல்லையே" என்றார்.

இல்லைதான் மூத்தும்மா. அது எங்கள் வேலை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம், அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே. அதைத் திறக்கிற நாளில் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் தட்டுகளின் பெயர், வேகம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆடாத ஒரு இடத்தைத் தேடுங்கள். ஊசியை ஓடாத தட்டில் வைத்து வீட்டைக் கேளுங்கள். வீடு அமைதியான பிறகு பாட்டைப் போடலாம்.